தெரிஞ்ச பொண்ணு

ஜாலான் புசார் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் இலவசச் சட்ட ஆலோசனை. வாசல் மேசையில் பெயர் எழுதிக்கொண்டிருந்த மாசிலாமணி, பூவம்மாவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, கூட வந்திருக்கும் பெண் யார் என்று கேட்டார்.

"தெரிஞ்ச பொண்ணு," என்றாள் பூவம்மா.

கூட நின்ற திவ்யதர்ஷினி சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தாள். தெரிந்த பெண்ணாம்! ஆனி மாதம் இதே பூவம்மா பட்டுப்புடவை சரசரக்க முன்வரிசையில் உட்கார்ந்து, தன் மகன் ரஞ்சனும் திவ்யாவும் திருமணப் பதிவில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள்தானே. ரஞ்சன் பெயரில் இருந்த குவீன்ஸ்டவுன் வீட்டில் திவ்யா பெயரையும் சேர்க்க வேண்டும், அதனால் பதிவு முதலில், தாலி தை மாதம் கோயிலில் என்று ஏற்பாடு. நம் ஆட்கள் இங்கே எல்லாரும் செய்கிற காரியம்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேக்கா சந்தையில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்கு அவரவர் போய்விடுவோம். தாலி ஏறாதவரை ஊர்க் கணக்கில் அது கல்யாணமே இல்லை.

வீட்டில் அவள் பெயர் ஏறும் முன்பே, ஐப்பசியில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போன ரஞ்சன் வீடு திரும்பவில்லை.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். திவ்யா ஓடிப் போனபோது பூவம்மாவே அவள் தோளைப் பிடித்து நகர்த்தி, ரஞ்சனின் ஆபீஸ் நண்பர்களோடு பின்வரிசையில் உட்காரவைத்தாள். பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பில் திவ்யாவின் பெயர் இல்லை. அதுவரை ஒருவரையொருவர் 'சம்பந்தி' என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு அம்மாக்களும் அன்றிலிருந்து 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த ஒரு சொல் மாறியதில் திவ்யாவின் கல்யாணம் காணாமல் போனது.

இப்போது வீட்டைப் பூவம்மா பெயருக்கு மாற்ற வேண்டும். ரஞ்சன் உயில் எழுதவில்லை. எழுதுகிற வயதா அது. பூவம்மாவும் திவ்யாவின் அம்மா பஞ்சவர்ணமும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: ரஞ்சன் கல்யாணம் ஆகாதவன். பூவம்மாவுக்கு வீடு கிடைக்கும், பஞ்சவர்ணத்தின் மகளுக்கு வேறு மாப்பிள்ளை கிடைப்பான். புக்கிட் மேராவிலிருந்து ஒரு குடும்பம் பெண் கேட்டுக்கூட அனுப்பியிருந்தது. திவ்யா பிறகு எதிர்ப்புச் சொல்லிவிடக் கூடாதென்று, அவளையும் கையோடு இழுத்து வந்திருந்தாள் பஞ்சவர்ணம்.

உள்ளே வக்கீல் ருக்ஸானா, முப்பது வயதிருக்கும், நீலத் துடுங்கால் தலையை மூடியவள், பொறுமையாகக் கேட்டாள். ரஞ்சனின் அப்பா முன்பே இறந்துவிட்டார், அவனுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, மகனுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்றாள்.

"இல்லம்மா," என்றாள் பூவம்மா.

பஞ்சவர்ணம் மேசைக்கடியில் மகளின் முழங்காலை அழுத்தினாள். நகம் பதிந்தது. திவ்யா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அம்மா மானம் போகும், திறக்காவிட்டால் ரஞ்சன் போய்விடுவான். ஏற்கெனவே போனவன்தான், ஆனாலும் இது வேறு மாதிரிப் போவது.

ருக்ஸானா பேனாவை வைத்துவிட்டுப் புரியும்படி சொன்னாள். இதைக் கோர்ட்டில் சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டியிருக்கும். பொய்ச் சத்தியம் குற்றம். பதிவு அரசாங்கத்திடம் இருக்கும், தேடினால் ஒரு நிமிஷம். "கோயில்ல தாலி கட்டினாங்களா இல்லையான்னு சட்டம் பார்க்காது. ரிஜிஸ்டர் பண்ணிட்டா அன்னைக்கே புருஷன் பொண்டாட்டிதான். அப்படி ஒரு மனைவி இருந்தா பாதி அவங்களுக்கு, பாதி அம்மாவுக்கு."

பூவம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. இருக்கிற ஒரே கூரையில் பாதி.

"அந்த மனைவி எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா?" பஞ்சவர்ணம் முந்திக்கொண்டு கேட்டாள். "அப்புறம் கல்யாணமே நடக்கலைன்னு ஆயிடும்லா?"

"பங்கை விட்டுக் குடுக்கலாம், ஆன்ட்டி. ஆனா அதையும் மனைவின்னு கையெழுத்துப் போட்டுத்தான் விட்டுக் குடுக்க முடியும். நாளைக்கு வேற கல்யாணம் பண்ணாலும் விதவைன்னுதான் பதிவு பண்ணுவாங்க."

பஞ்சவர்ணம் காதைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சொல்லைக் கேட்கக் கூடாதென்றுதானே இத்தனை பாடு.

திவ்யா அம்மாவின் கையை முழங்காலிலிருந்து மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நான்தான் அந்த மனைவி," என்றாள். "வீடு எனக்கு வேணாம். அத்தை கடைசிவரைக்கும் அங்கேயே இருக்கட்டும், எழுதித் தந்துடுறேன். ஆனா அவருக்கு யாருமில்லைன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"உனக்குப் பைத்தியமாடி பிடிச்சிருக்கு?" என்றாள் பஞ்சவர்ணம். "ஒருநாள்கூட அவனோட வாழலையே நீ."

"அதனாலதாம்மா," என்றாள் திவ்யா. "அவர்கிட்டேருந்து எனக்குக் கிடைச்சது அந்தக் கையெழுத்து ஒண்ணுதான்."

பூவம்மா அழுதாள். சத்தமில்லாமல் ஆரம்பித்து அடக்கமாட்டாமல் போனது. ருக்ஸானா தண்ணீர்ப் போத்தலை நகர்த்தி வைத்தாள். பூவம்மா குடிக்கவில்லை.

"இருபத்தாறு வயசுல எனக்கு அந்த விதவைப் பேரு வந்துச்சு," என்றாள். "நல்ல காரியத்துல ஒருத்தரும் என்னை முன்னால நிக்க விட்டதில்ல. அது உனக்கு வேணாம்னுதான் அன்னைக்குப் பின்னால உட்கார வச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "வீட்டைப் பத்தின பயமும் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

பூவம்மா மேல் திவ்யாவுக்கு இருந்த கோபம் அத்தனை சுலபத்தில் இறங்குகிற கோபமா? ஆனாலும் கையை நீட்டினாள். பூவம்மா பிடித்துக்கொண்டாள்.

ருக்ஸானா உடனே எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றாள். திவ்யா தனக்கென்று ஒரு வக்கீலை வைத்து யோசிக்கட்டும், துக்கத்தில் இருக்கும்போது எதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

வெளியே மாசிலாமணி அதற்கு நேரம் குறித்தார். கூட யாராவது வருவார்களா என்று பூவம்மாவிடம் கேட்டார். இரண்டு அடி தள்ளிப் பஞ்சவர்ணம் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி சுவரைப் பார்த்து நின்றாள்.

"இவ வருவா," என்றாள் பூவம்மா. "என் மருமக."

ரஞ்சன் போன நாளிலிருந்து நண்பர்கள் வரிசையில் அடக்கமாக அழுதுகொண்டிருந்த திவ்யா, அத்தனை பேருக்கும் நடுவில், புருஷனைப் பறிகொடுத்தவளாக வாய்விட்டு அழுதாள்.