புத்தாண்டுக் காராமணி

சோள ரொட்டியில் சர்க்கரை போடுகிறவர்களோடு ஒரு குளிர்காலம் முழுக்கக் காலம் தள்ள முடியுமா என்று கல்யாணத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். மிஸிஸிப்பியில் எங்கள் வீட்டுச் சோள ரொட்டிக்கு உப்பு, மோர், பன்றிக் கொழுப்பு, இவ்வளவுதான். இரும்புச் சட்டியில் ஓரமெல்லாம் முறுகி வர வேண்டும். மினசோட்டாவின் வட கோடியில் என் நாத்தனார் ஆர்டிஸ் செய்வதைக் கேக் என்று சொல்லிக் கொடுத்தால் மறுபேச்சு இல்லாமல் தின்றுவிடுவேன். அதை ரொட்டி என்று சொல்லிச் சூப்போடு வைக்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு இரண்டாம் கல்யாணம். புயலில் பிய்ந்துபோன எங்கள் பள்ளிக்கூடக் கூரையைச் சரி செய்து கொடுக்க வடக்கிலிருந்து ஒரு தேவாலயக் கூட்டம் வந்தது. அதில் ஹால்வரும் ஒருவன். நான் பள்ளிச் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் சாப்பாட்டு வரிசையில் கடைசி ஆளாக நிற்பான். கொடுத்ததை வாங்கி, மூலையில் உட்கார்ந்து தின்று, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். இவ்வளவு குறைவாகப் பேசுகிறவனிடம் ஏதோ ஆழம் இருக்க வேண்டும் என்று நினைத்துக் கட்டிக்கொண்டேன். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, ஊரே அப்படித்தான்.

குளிர் ஒரு பொருட்டில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டால் தீர்ந்தது. என் கையால் சமைத்ததை ஒருவரும் ஆசையாகச் சாப்பிடாததுதான் என்னை அரித்தது. முப்பது வருஷம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டியவள் நான். சோறு போட்டுத்தான் எனக்கு மனிதர்களிடம் ஒட்டத் தெரியும். வேறு வழி தெரியாது.

நன்றி தெரிவிக்கும் நாளன்று ஆர்டிஸ் வீட்டில் விருந்து. அவர்கள் கோதுமை ரொட்டியைப் பிய்த்து வான்கோழி வயிற்றுக்குள் திணித்துச் சுடுகிறார்கள். நாங்கள் சோள ரொட்டியை உதிர்த்து, வெங்காயமும் மூலிகை இலையும் கோழிச் சாறும் சேர்த்து, தனித் தட்டில் பரப்பிச் சுட்டுத் துண்டு போடுவோம். ஒரு பெரிய தட்டு நிறையச் செய்து கொண்டுபோனேன். ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தார்கள். "மோசமில்ல," என்றார் ஆர்டிஸின் கணவர் வெண்டல். மோசமில்லையாம்! எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைக்கூட அதைவிட நன்றாகப் புகழ்வோம். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். நான் பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. போகிற வருகிறவர்கள் எல்லாம் அதைப் பாதியாக வெட்டி எடுத்தார்கள். அந்தப் பாதியில் பாதி. அதிலும் பாதி. சாயங்காலம் விரல் நுனி அளவில் ஒரு துணுக்கு தட்டின் நடுவில் அனாதையாகக் கிடந்தது. அதைத் தின்று முடிக்கக்கூட ஒருவருக்கும் மனம் வரவில்லை. வெறும் தட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதுதான் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பெருமை. நான் அந்தத் துணுக்கோடு வீட்டுக்கு வந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊரில் வெடி வெடிப்போம், தெருவே புகையாக இருக்கும். இங்கே முந்தின நாள் சாயங்காலமே பரிசுகளைப் பிரித்து முடித்துவிட்டு, சாம்பல் காரம் கலந்த தண்ணீரில் ஊறவைத்த கருவாட்டை வேகவைத்து வெண்ணெய் ஊற்றித் தின்கிறார்கள். அது கரண்டியில் நிற்காமல் வழுக்குகிறது. மேஜையில் மீன் வெள்ளை, உருளைக்கிழங்கு வெள்ளை, கிழங்கு மாவில் தேய்த்த ரொட்டி வெள்ளை, வெளியே பனியும் வெள்ளை. நான் முகம் சுளிக்கவில்லை. அந்தக் கிழங்கு ரொட்டியில் கடைசியாக இருந்ததை எல்லோரும் பார்க்க எடுத்துச் சாப்பிட்டு ஆர்டிஸைப் பாராட்டினேன். மேஜையே கப்சிப் என்று ஆகிவிட்டது. என்ன தப்புச் செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை.

அன்றிரவு என் அக்கா எர்லீன் ஃபோன் செய்தாள். அவளும் அதே பள்ளிச் சமையலறையில்தான் இருக்கிறாள்.

"அடியே, உன் வேலைக்கு இன்னொருத்தியப் போடப் போறாங்க. புதுவருஷத்தன்னைக்கு ராத்திரிக்குள்ள சொல்லு. வரியா, இல்ல அங்கேயே விறைச்சுச் சாகப் போறியா?"

"யோசிக்கிறேன்க்கா."

"யோசிக்க என்னடி இருக்கு? அந்த ஆளு இருன்னு சொல்றானா, போன்னு சொல்றானா?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. மறுநாள் காலையில் ஹால்வர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது எர்லீன் சொன்னதைச் சொல்லி நேராகவே கேட்டுவிட்டேன். "நான் இங்க இருக்கணும்னு உனக்கு இருக்கா?"

அவன் கோப்பையையே பார்த்தான். "எனக்காக நீ கஷ்டப்பட வேண்டாம்," என்றான்.

அவ்வளவுதான். இவன் என் சாப்பாட்டையும் வேண்டாம் என்கிறான், என்னையும் வேண்டாம் என்கிறான் என்று முடிவு கட்டினேன். கல்யாணமான எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவன் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டதில்லை. இடுப்பு இளைத்து, பெல்ட்டை இறுக்கப் புதிதாக ஓட்டை போட்டிருந்தான்.

இருந்தாலும் புத்தாண்டுச் சமையலை விடுவதாக இல்லை. ஆண்டின் முதல் நாள் காராமணியும் கீரையும் சோள ரொட்டியும் வயிற்றுக்குள் போகாவிட்டால் அந்த வருஷம் விளங்காது என்பது எங்கள் நம்பிக்கை. இங்கே கடையில் காராமணி கேட்டால் மேலும் கீழும் பார்க்கிறார்கள். எர்லீன்தான் பார்சலில் அனுப்பியிருந்தாள். பன்றிக்கால் எலும்பு போட்டுக் காலையிலிருந்து கொதிக்கவிட்டேன். மத்தியானம் ஆர்டிஸும் வெண்டலும் வந்தார்கள். இதுதான் இந்த வீட்டில் நான் போடும் கடைசிச் சாப்பாடு என்று எனக்கு மட்டும் தெரியும்.

சாப்பிட்டார்கள். "இன்னும் கொஞ்சம்?" என்றேன். மூன்று பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். வெண்டலின் பார்வை பானையோடு அடுக்களை வாசல் வரைக்கும் வந்தது போல் இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹால்வர் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் பனியை அள்ளப் போனான்.

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பினால், ஆர்டிஸ் மேஜை விரிப்பைச் சலவை இயந்திரத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"நிறுத்துங்க! இன்னைக்குத் துணி துவைக்கக் கூடாது!"

"குழம்பு கொட்டியிருக்கே. கறை பிடிச்சிடும்."

"புதுவருஷத்தன்னைக்குத் துவைச்சா வீட்ல ஒருத்தரச் சேத்துத் துவைச்சு அனுப்பிடுவோம், ஆர்டிஸ். எங்க ஊர்ல செய்யவே மாட்டோம்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையை உள்ளே விட்டு விரிப்பை வெளியே இழுத்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "யாரை?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பயப்படாதீங்க. நான்தான் போறேன். இன்னைக்கு ராத்திரி அக்காகிட்ட சொல்லணும்."

"போகச் சொன்னானா அவன்?"

"இருக்கணுமான்னு கேட்டேன். எனக்காகக் கஷ்டப்பட வேண்டாம்னுட்டான்."

"சரி. மறுபடி கேட்டப்ப என்ன சொன்னான்?"

"மறுபடி வேற கேக்கணுமா? நான் என்ன பிச்சையா எடுக்கிறேன்?"

ஆர்டிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவையா கேட்ட?" அவள் குரலைக் கேட்டால், நான் துணி இல்லாமல் தேவாலயத்துக்குப் போனேன் என்று யாரோ சொல்லிவிட்டது போல் இருந்தது.

"எத்தனை தடவை கேக்கணுமாம்?"

"மூணு. ஒரு காப்பின்னாலும் மூணு தடவை கேக்கணும். மொதத் தடவை வேண்டாம்னு சொல்றது மரியாதை. ரெண்டாவது, நீ நெசமாத்தான் குடுக்கிறியான்னு பாக்கிறது. மூணாவதுதான் பதில்."

"யார் போட்ட சட்டம் இது?"

"சட்டமெல்லாம் இல்ல. எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதே! அப்ப அன்னைக்கு என் தட்டுல மிச்சம் வச்சீங்களே?"

"கடைசித் துண்ட எடுக்கிறவனப் பேராசைக்காரன்னு சொல்லுவாங்க. அவ்ளோ பொடிசா வெட்டி வெட்டி எடுத்தாங்கன்னா அவ்ளோ பிடிச்சிருந்துதுன்னு அர்த்தம். நீதான் கிறிஸ்துமஸுக்கு என் கடைசி ரொட்டிய எடுத்து வாயில போட்டுக்கிட்ட. வெண்டல் அன்னைக்குப் பூரா அதையேதான் சொல்லிட்டிருந்தார்."

"உங்களுக்குப் பெருமைன்னு நினைச்சு எடுத்தேன், ஆர்டிஸ்!"

"இப்பத் தெரியுது." அவள் விரிப்பைப் பிழிந்தாள். "வெண்டல் கட்டிக்கிறியான்னு கேட்டப்ப நான் ரெண்டு தடவ மாட்டேன்னேன். அந்த மனுஷன் ரெண்டாவது தடவையோட உறைஞ்ச ஏரியில மீன் பிடிக்கப் போயிட்டார். ஐஸ் உருகிற வரைக்கும் நான் காத்துக் கிடந்தேன்."

நான் நம்பவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு நேராக வெண்டலிடம் போனேன். "இன்னொரு கரண்டி வைக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் வேண்டாம்."

"கொஞ்சமா?"

"வயிறு நிறைஞ்சிருக்கு. பரவால்ல."

"மிச்சமாயிடும். ஒரே ஒரு கரண்டி?"

"சரி, நீ இவ்ளோ சொல்ற," என்று தட்டை நீட்டினார். தட்டு எங்கே தயாராக இருந்தது என்று தெரியவில்லை. ஒரு கரண்டி வைத்தேன், தட்டை இழுத்துக்கொள்ளாமல் நீட்டிக்கொண்டே இருந்தார். மூன்று வைத்தேன்.

பானையை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு நின்றேன். எட்டு மாதம்! எட்டு மாதமாக ஹால்வர் அரை வயிறாகவா எழுந்து போயிருக்கிறான்? பள்ளிக்கூட வரிசையில் நான் கேட்காமலே அள்ளிக் கொட்டுவேன், அங்கே சாப்பிட்டான். வீட்டில் மரியாதையாக ஒரு தடவை கேட்டுப் பட்டினி போட்டிருக்கிறேன்.

வீட்டுச் செருப்போடு வாசலுக்குப் போனேன். பனி தள்ளும் வண்டி சாலையிலிருந்து ஒதுக்கிவிட்டுப் போன பனி இடுப்பு உயரத்துக்குக் கிடந்தது. ஹால்வர் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தான்.

"ஹால்வர், நான் இங்க இருக்கணுமா?"

நிமிர்ந்தான். "இந்தச் செருப்போடவா வந்த? கால் மரத்துப் போயிடும்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எனக்காக நீ கஷ்டப்பட வேண்டாம்."

"நெசமாத்தான் கேக்கிறேன். நான் இருக்கணுமா?"

மண்வாரியின் பிடியைத் திருகினான். "உனக்குப் பிடிச்ச வேலை அது. உங்கக்கா வேற தனியா இருக்காங்க."

உள்ளே ஆர்டிஸிடம் கேட்காமல் விட்ட ஒன்று இப்போதுதான் உறைத்தது. மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றால் அது உண்மையான வேண்டாம். கேட்காமல் திரும்பிவிட்டால் கொஞ்சம் சந்தேகமாவது கையில் மிஞ்சும், அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போய் மீதிக் காலத்தை ஓட்டிவிடலாம். என் வீம்பும் அதைத்தான் சொன்னது. இந்த மனிதனை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது என்பது, காலில் குளிர் ஏற ஏற, அந்த வாசலில் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

"நான் இருக்கட்டுமா, ஹால்வர்?"

அவன் மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்தினான். கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்தான். ஜன்னல் திரைக்குப் பின்னால் ஆர்டிஸ் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான்.

"இருந்தா மோசமில்ல," என்றான்.

அது போதாது என்று அவனுக்கே பட்டிருக்க வேண்டும். குரல் உடைந்தது. "இரு. போகாத. நீ போயிட்டா இந்த வீட்ல நான் என்ன செய்வேன்?"

அவன் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தைகள் ஒரே மூச்சில் வந்து நான் கேட்டதில்லை. அவன் கண்ணில் நீர் வந்து இமையிலேயே உறைந்து நின்றது. கையுறை இல்லாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ? உனக்கு இங்க இருக்கணும்னு இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு."

அவன் இரண்டாவது தடவை கேட்க வாயைத் திறந்தான்.

"எங்க ஊர்ல ஒரு தடவை சொன்னாப் போதும்," என்றேன். "உள்ள வா. அக்காவுக்கு ஃபோன் பண்ணணும். பசிக்குதா உனக்கு?"

"இல்ல, பரவால்ல," என்றான் ஹால்வர்.

நான் உள்ளே போய்ப் பானையை அடுப்பில் வைத்தேன்.