நெஞ்சு படபடப்புக்கு ஒரு மாத்திரை கூடுதல்

நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்துக்கு ஏறப் பதினெட்டுப் படிகள். ஒன்பதாவதிலேயே மூச்சு வாங்கியது. எனக்கு வயது இருபத்தைந்து. மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்து இரண்டு வருடம். குரல்கள் அடங்கின, உடம்பு இருபத்தாறு கிலோ ஏறியது. பசி என்றால் அப்படியொரு பசி. கூட விரிப்பு மடிப்பவர்கள் என்னை 'மூட்டை' என்பார்கள். சிரித்துவைப்பேன். வேறு என்ன செய்ய?

நெஞ்சு படபடக்கிறது, குடம் தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை என்று அக்காவிடம் சொன்னேன்.

"மாத்திரை போட்டியா?" என்றாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. நோய் முற்றியிருந்தபோது, என் நெஞ்சுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று ஊரைக் கூட்டியவன் நான். அன்றிலிருந்து நான் நெஞ்சு என்று வாயெடுத்தாலே மாத்திரை டப்பாவைத்தான் திறந்து பார்க்கிறாள். அதற்காக எனக்கு நிஜமாகவே நெஞ்சு படபடக்கக் கூடாதா? பைத்தியம் என்றால் இதயமே கிடையாதா? எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

காய்ச்சலுக்குப் பார்க்கிற டாக்டர் என் மருந்துச் சீட்டைப் படித்துவிட்டு, "மனநல டாக்டர்கிட்டயே காட்டுங்க" என்றார். மனநல டாக்டரோ ஒரு மாத்திரையைக் கூட்டினார். அப்பா மாரடைப்பில் போனது நாற்பத்தொரு வயதில். ஒருத்தரும் நம்பாமலேயே நானும் போய்ச் சேர்ந்துவிடுவேனோ?

இந்த வாரம் மனநலப் பிரிவில் புதிதாக ஒரு நர்ஸ். அவரிடமும் படபடப்பையும் தாகத்தையும் சொன்னேன்.

"இடுப்பளவு, பிரஷர், சுகரெல்லாம் கடைசியா எப்பப் பாத்தாங்க?"

"பாத்ததே இல்ல."

"அடப்பாவமே!" என்று டேப்பை எடுத்தார். கையில் பட்டையைச் சுற்றினார். விரலில் ஒரு குத்து. கருவியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"தம்பி, சுகர் முன்னூத்திப் பத்து. பிரஷரும் ஏறிக் கிடக்கு. நீங்க சொன்னது வெறும் பிரமை இல்ல. இன்னைக்கே ஈசிஜி எடுக்கணும். இந்த மாத்திரையே சுகரை ஏத்தும், ஆனாலும் நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

சர்க்கரை வந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, எனக்கு சுகர் இருக்கு. பிரஷரும் இருக்கு."

குழந்தையிடம் பேசுவதுபோல் மெதுவாகக் கேட்டாள்: "யாருடா சொன்னா?"

"நர்ஸ். இங்கதான் பக்கத்துல இருக்காங்க."

"நிஜமாவே இருக்காங்களா?"

போனை நர்ஸிடம் நீட்டினேன். அவர் சொல்லச் சொல்ல, அக்கா அழுவது எனக்கே கேட்டது.

"ஐயோ, அவன் சொல்லிக்கிட்டேதானே இருந்தான்" என்றாள். அதையும் நர்ஸிடம்தான் சொன்னாள்.