இதர செலவு

கேட்டால்தான் என்ன, மனுஷர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாரா, போகவும் முடியாது, வாய் நிறையத் தண்ணீரும் கன்னத்தில் உறிஞ்சுகுழாயுமாகப் படுத்திருக்கிறார், என்று நினைத்தவளுக்குத் தன் நினைப்பே அசிங்கமாகப் பட்டது... போதகர் கண்களை மூடியிருந்தார். பதினொரு வருஷமாக ஞாயிறுதோறும் அண்ணாந்து பார்த்த முகம் இப்போது அவள் முழங்கைக்குக் கீழே, தலைகீழாக. கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கம் காரை இறுகிப் போயிருந்தது, தேநீர் அதிகம் குடிக்கிறவர்களுக்கு வருகிற பழுப்பு, வீடு வீடாகப் போய் ஜெபிக்கிறவர், போகிற வீட்டிலெல்லாம் ஒரு தம்ளர் நீட்டினால் வேண்டாமென்றா சொல்வார். பல் மருத்துவர் உள்ளறையில் யாருடைய கடைவாய்ப் பல்லோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், சுத்தம் செய்கிற இந்தச் சின்ன அறையில் அவளும் இவரும் மட்டும்தான், இதைவிட நல்ல சமயம் வராது. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க ஐயா" என்றாள். எல்லாரிடமும் சொல்வதுதான், இவரிடம் சொல்லும்போது மட்டும் ஏதோ எச்சரிக்கை விடுவது போலிருந்தது.

எல்லாம் அந்தத் தாளால் வந்தது. போன ஞாயிறு சபையில் வருஷக் கணக்கென்று ஆளுக்கொன்று கொடுத்தார்கள், வேதாகமத்துக்குள் மடித்து வைத்தவள் வைத்தவள்தான், பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, பையிலிருந்து அது நழுவி விழ, எடுத்துப் படித்தவர் வீட்டுக்காரர். மின்வேலை செய்கிறவர், எந்தச் சாமியும் கும்பிடாதவர். 'உன் நம்பிக்கை உனக்கு, என் மண்டையில அது ஏறலை, அவ்வளவுதான்' என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டவர், ஆனால் சாப்பாட்டுக்கு முன் அவள் ஜெபித்து முடிக்கும்வரை தட்டில் கை வைக்க மாட்டார், ஞாயிறு தவறாமல் சபை வாசலில் இறக்கிவிட்டு, முடிகிறவரை எதிர்நடைபாதையில் பேப்பரும் கையுமாக நிற்பார். "நூத்துக்கு முப்பது, 'இதர செலவு'ன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்களே, என்னன்னு கேட்டியா?" என்றார். சுருக்கென்றது அவளுக்கு. "ஆண்டவருக்குக் குடுத்ததுக்குக் கணக்கு கேப்பாங்களா?" "ஆண்டவரைக் கேக்கச் சொல்லலையே. கணக்கு எழுதினவங்களைத்தான் கேக்கச் சொன்னேன்." சொல்லிவிட்டுச் சட்டைகளை மடிக்கப் போய்விட்டார், அவ்வளவுதான், குத்தலில்லை, சிரிப்பில்லை. கேலி செய்திருந்தால் பதிலுக்குப் பத்து வசனம் அவளிடம் இருந்தது. எந்த ஒயர் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்பது மாதிரியல்லவா கேட்டார், அதற்கு என்ன வசனம் இருக்கிறது... அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை அவள்.

இது யார் காசு, அவள் காசு, மாதம் முதல் தேதி சம்பளம் வந்ததும் பத்தில் ஒன்றை உறையில் போட்டு ஒட்டிவிடுவாள், அப்புறம்தான் வாடகை, பால், மருந்து. ஒட்டிய உறையைத் தொட்டதே இல்லை, எந்தக் கஷ்டத்திலும். எந்தக் கஷ்டத்திலும்... போன வருஷம் புருஷன் வீட்டிலிருந்து கிளம்பி வந்திருந்த தங்கை இதே நாற்காலியில் உட்கார்ந்தாள், பல்வலி என்றாள், வாயைத் திறக்கச் சொன்னால் கன்னத்தின் உட்பக்கம் பல் குத்திக் கிழிந்து கிடந்தது. இருபது வருஷமாக வாய்க்குள்ளேயே வேலை பார்க்கிறவளுக்கு அது எதனால் ஆகிற காயம் என்று தெரியாதா, வெளியிலிருந்து ஒரு கை வேகமாக வந்தால் ஆகிறது. பஞ்சால் ஒற்றினாள், மருந்து தடவினாள், ஒன்றும் கேட்கவில்லை. தங்கையே சொன்னாள். "ஒரு ரூமுக்கு அட்வான்ஸ் மட்டும் குடுக்கா, வேலைக்குப் போய் அடைச்சிடறேன்." கையிருப்பு என்று இருந்தது அந்த உறைகள்தான், மூன்று மாத உறைகள், மொத்தமாகப் போடலாமென்று சேர்த்து வைத்திருந்தவை. "அது ஆண்டவர் பங்குடி, அதுல எப்படிக் கை வைக்கிறது, உன் புருஷன்கிட்ட பொறுமையாப் பேசிப் பாரு, நான் ஜெபிக்கிறேன்." தங்கை அழவில்லை, வாதாடவில்லை, "சரிக்கா" என்றாள், நாலாம் நாள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள்... போதகரின் இடது கை உயர்ந்தது. ஐயோ, எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன், ஈறில் ரத்தம். "மன்னிச்சிடுங்க ஐயா, கொப்பளிச்சுக்குங்க."

அவர் கொப்பளித்துத் துப்பிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது கேட்காவிட்டால் இந்த ஜென்மத்தில் கேட்க மாட்டோம் என்று தோன்றியது. "ஐயா, அந்தக் கணக்குத் தாள்ல 'இதர செலவு'ன்னு போட்டிருந்தது... நானாக் கேக்கலை, எங்க வீட்டுக்காரர்தான், அவருக்கு நம்பிக்கை கிடையாது, அதனால..." எவ்வளவு சுலபமாகப் பழியைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டாள். "மழையில நனைஞ்சுக்கிட்டு உங்களுக்காக நிப்பாரே, அவரா?" போதகர் சிரித்தார், பல்லில் ரத்தம் இருந்தது. "நல்ல கேள்விம்மா. மூணு வருஷமா அந்த வரி அப்படியேதான் இருக்கு, ஒருத்தர் கேக்கலை." கோபமில்லை குரலில், கொஞ்சம் களைப்புதான். "பாதி, மண்டபத்துக்கு ஏசி போட்ட கடன், அப்புறம் சபை மூப்பர்கள் நாலு பேர் மாநாட்டுக்குப் போன செலவு. மாநாடு வேண்டாம்னேன், என் பேச்சு எடுபடலை. அதையெல்லாம் பிரிச்சு எழுதியிருக்கணும், எழுதாதது தப்பு, வர்ற கூட்டத்துல சொல்றேன். மீதிப் பாதியைத்தான் எழுத முடியாது." உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அடி தாங்காம வெளிய வந்த பொம்பளைங்களுக்கு ரெண்டு வீடு வாடகைக்கு எடுத்திருக்கோம். தாள்ல போட்டா மறுநாளே புருஷன்காரங்க தேடிக்கிட்டு வந்து நிப்பாங்க. வந்து கேக்கறவங்களுக்கு மட்டும்தான் சொல்றது."

மூணு வருஷமா என்று கேட்டாள், கேட்டது காதில் விழுந்த பிறகுதான் வாய் திறந்தது தெரிந்தது. மூணு வருஷம். அப்படியென்றால் போன வருஷமும். அவள் ஒட்டிக் கொடுத்த உறை யாரோ ஒருத்தியின் வீட்டு வாடகையாகப் போயிருக்கிறது, அதில் தப்பேதுமில்லை, நல்ல காரியம், யாரோ ஒருத்தி பயமில்லாமல் தூங்கியிருப்பாள், யாரோ ஒருத்தி... தங்கையைப் பற்றிச் சபையில் ஒரே ஒருவரிடம் வாயைத் திறந்திருந்தால் போதும், திறக்கவில்லை, குடும்ப மானம் போய்விடும் என்று. "உங்க தங்கச்சி எப்படி இருக்காங்க?" என்றார் போதகர், சாதாரணமாகத்தான். "பிரிஞ்ச குடும்பத்தை ஆண்டவர் சேர்த்து வச்சார்னு சாட்சி சொன்னீங்களே, நன்றிக் காணிக்கைகூடக் குடுத்தீங்க." ஆமாம், சொன்னாள், எல்லார் முன்னாலும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் கைதட்டினார்கள், அவளுக்குக் கண்ணீர்கூட வந்தது. அந்த மூன்று உறைகளைத்தான் அன்றைக்கு மொத்தமாகப் போட்டாள். "இருக்கா ஐயா." இந்த மாதிரி 'இருக்கா'க்களை அவர் நிறையக் கேட்டிருப்பார் போலும். "அவங்களா விருப்பப்பட்டுத்தான் திரும்பிப் போனாங்களா?" "தெரியலை ஐயா. நான் கேக்கலை." ஜெபிப்போம் என்பார் என்று எதிர்பார்த்தாள், சொல்லவில்லை. "ஒரு ரூம் காலியா இருக்கு. அவங்களுக்கு விருப்பமிருந்தா வரட்டும், நீங்க இழுத்துக்கிட்டு வந்துடக் கூடாது" என்று மட்டும் சொன்னார். மிச்சமிருந்த மேல்வரிசையை அவள் முடித்துக் கொடுத்தாள்.

மருத்துவர் முணுமுணுத்துக்கொண்டே அரைநாள் விடுப்புக் கொடுத்தார். பேருந்து நிறுத்தத்தில் நின்று வீட்டுக்காரரிடம் போனில் பேசினாள், 'தங்கச்சி வீட்டுக்குப் போறேன், நீங்க கேட்டதைக் கேட்டுட்டேன், வந்து சொல்றேன்', 'நானும் வரட்டுமா?', 'வேண்டாம்... போனைக் கையில வச்சுக்குங்க.' மணி பன்னிரண்டரை. முதல் பேருந்து வந்தது, ஏறவில்லை, இதில் போனால் ஒண்ணேகாலுக்கே போய்விடும், அப்போது தங்கை புருஷன் வீட்டில் இருப்பான், ஒன்றரைக்கு வேலைக்குக் கிளம்புவான், கிளம்பினவன் சில நாள் எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வருவான், ஆகவே இரண்டு மணிக்கு மேல்தான் நல்லது, ஒன்பதுக்குத் திரும்பிவிடுவான், அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும், நல்லவேளை இன்றைக்கு வெள்ளி, சனி ஞாயிறு என்றால் நாள் பூரா வீட்டில்தான்... இதையெல்லாம் எனக்கு யார் சொன்னது? தங்கை சொன்னதில்லை. நல்லா இருக்கேன்க்கா என்பதைத் தவிர ஒரு வருஷமாக அவள் எதுவுமே சொன்னதில்லை. இவளும் அதை நம்பினாள், நம்பித்தானே சாட்சி சொன்னாள், நம்பித்தானே... ஆனால் இந்த ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூட இரண்டு மணிக்கு முன்னால் தங்கையைப் போனில் அழைத்ததில்லை. ஒன்பதுக்கு மேலும் இல்லை. சனி ஞாயிறு, ஒருமுறைகூட இல்லை.