தோயுனின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ்

கம்பத்தில் இரவு எட்டரை ஆகும்போது கொரியாவில் நள்ளிரவு. அங்கே தேதி மாறிவிடும். அதற்குள் ஓட்டுப் போட வேண்டும், செயலியில் வருகை பதிய வேண்டும், புதுப் பாட்டை முழுதாக ஓடவிட வேண்டும். மனைவி மாரீஸ்வரி இருந்தவரை லிங்கேஸ்வரனுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் போன பிறகு பதினோரு மாதத்தில் ஒரு நாள்கூட அவன் தவறவிடவில்லை.

மாரீஸ்வரி பள்ளியில் கணக்கு டீச்சர். பகலில் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம், பொழுது சாய்ந்தால் 'ஹார்பர்' என்ற கொரியப் பாட்டுக் குழு. அதில் ஐந்து பையன்கள். ஐவரில் தோயுன் என்றால் அவளுக்கு உயிர்.

"உன்னவிட அவன் நல்லா உதட்டுச் சாயம் போட்டிருக்கான்" என்பான் லிங்கேஸ்வரன்.

"அழகா இருக்கானா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"இருக்கான்."

"அப்புறம் என்ன."

ஒரு செவ்வாய்க்கிழமை தலைவலி என்று படுத்தாள். மூளைக்காய்ச்சல். அடுத்த திங்கள் அவள் இல்லை.

சொட்டுநீர்க் குழாய் விற்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. காரியம் முடிந்த மறுநாளே பைக்கை எடுத்துக்கொண்டு திராட்சைத் தோட்டங்களைச் சுற்றப் போனான். யார் என்ன கேட்டாலும் 'சரி' என்றான். போனில் யார் என்ன அனுப்பினாலும் கட்டைவிரல் படத்தைப் போட்டான். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மற்றவர்கள்தான் கவலைப்பட்டார்கள்.

அவள் இறந்த பதினேழாம் நாள் அலமாரியில் கிடந்த அவளுடைய போன் அதிர்ந்தது. ஆங்கிலத்தில் ஒரு வரி: 'மாரி, சாப்பிட்டாயா?' அனுப்பியவன் தோயுன்.

அது சந்தா கட்டியவர்களுக்கு வரும் செய்தி. நட்சத்திரம் ஒன்றை எழுதுவான். செயலி அதில் அவரவர் பெயரைச் சேர்த்து லட்சம் பேருக்கு அனுப்பும். ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. லிங்கேஸ்வரனுக்கு இது புரிந்தது. புரிந்தும் 'சாப்பிட்டேன்' என்று பதில் போட்டான். அன்று காலையிலிருந்து அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. எழுந்து போய் இரண்டு இட்லி சாப்பிட்டான்.

அதே போனில் 'தேனி ஹார்பர்' என்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. போடி, கோம்பை, சின்னமனூர் என்று மாவட்டம் முழுவதும் இருபத்துமூன்று பேர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. 'மாரிக்கா எங்க காணோம்?' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'ஸ்கூல்ல வேல' என்று தட்டினான். அவளைப்போல எழுத அவனுக்குச் சுலபமாக வந்தது. ஒன்பது வருடம் அவள் பேச்சைக் கேட்டவன். அன்றிலிருந்து அந்தக் குழுவில் மாரீஸ்வரி சாகவில்லை.

கொரியாவின் பாட்டுக் குழுத் தொழிலைப் பற்றி அவன் நிறையப் படித்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள். வருடக்கணக்கில் கண்ணாடி வைத்த அறைக்குள் ஆடவிடுகிறார்கள். நிறுத்துப் பார்த்துச் சோறு போடுகிறார்கள். பாதிப் பேர் மேடையைப் பார்க்காமலே வீடு திரும்புகிறார்கள். மேடை ஏறியவன் ஏழு வருடம் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டவன். காதலித்தால் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். பாட்டுத் தட்டை வாங்கினால் உள்ளே ஒரு புகைப்பட அட்டை இருக்கும். யார் முகம் வரும் என்று தெரியாது. தோயுன் முகத்துக்காக ஒரே தட்டை ஆறு தடவை வாங்கினாள் மாரீஸ்வரி. கணக்கு டீச்சரே ஏமாறலாமா என்று அவன் கேட்டபோது, "நிகழ்தகவு தெரிஞ்சுதான் வாங்குறேன்" என்றாள்.

இரக்கமில்லாத வியாபாரம்தான். ஆனால் அது ரசிகனை ஒருநாளும் சும்மா விடுவதில்லை. இன்று ஓட்டு, நாளை பாட்டு, மறுநாள் யாருக்கோ பிறந்தநாள். பாயை விட்டு எழக் காரணம் இல்லாத ஒருவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

தோயுன் அந்நாட்டுக் கட்டாய ராணுவ சேவைக்குப் போகப்போகிறான் என்று செய்தி வந்ததும் குழு கலங்கியது. போவதற்கு முன் வரும் பிறந்தநாளைக் கொண்டாடியே தீர வேண்டும் என்றாள் ஜான்சி. அவள்தான் குழுவின் அட்மின். போடி பஜாரில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கொரியாவில் ரசிகர்கள் ஒரு காபிக்கடையைப் பிடித்து, கோப்பையைச் சுற்றி நட்சத்திரத்தின் படம் அச்சிட்ட காகிதப் பட்டையை மாட்டிக் கொடுப்பார்கள். அதையே கம்பத்தில் செய்வதென்று முடிவாயிற்று.

'மாரிக்கா, நீங்க ரெண்டு வருசம் முன்னாலயே வாக்குக் குடுத்திருக்கீங்க. ஞாயித்துக்கிழம பத்து மணி. பஸ் ஸ்டாண்டு பேக்கரி. கேக்கும் ஃப்ளெக்ஸும் உங்க பொறுப்பு' என்று எழுதினாள்.

அவன் 'சரி' என்றான். தட்டிய பிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மாரீஸ்வரியைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

சொல்லிவிடலாம். சொன்னால் அதோடு முடிந்தது. வீட்டில், பள்ளியில், தெருவில் எல்லோரும் அவளைப் பற்றி 'இருந்தா, செஞ்சா, பேசுனா' என்று இறந்தகாலத்தில் பேச ஆரம்பித்து நாளாகிவிட்டது. 'வாங்க, எங்க இருக்கீங்க, சாப்பிட்டீங்களா' என்று இன்னும் அவளிடம் பேசுகிற ஒரே இடம் அந்தக் குழு. அதை இழப்பதை நினைத்தபோதுதான், மாதங்களுக்குப் பிறகு, அவனுக்குப் பயம் என்று ஒன்று வந்தது.

ஜான்சி அனுப்பிய தோயுன் படத்தை ஃப்ளெக்ஸ் கடை முத்துராஜாவுக்குத் தள்ளிவிட்டான். 'எட்டுக்கு ஆறு. ஞாயிறு காலை. பேக்கரி வாசலில் கட்டிடு.' வாசகத்தை அனுப்ப மறந்துபோனான். சனிக்கிழமை ஃப்ளெக்ஸின் மாதிரிப் படம் போனில் வந்தது. திறக்காமலே கட்டைவிரலைப் போட்டான்.

ஞாயிறு அவன் போய்ச் சேரும்போது பத்தேகால். பேக்கரி முன்னால் சின்னக் கூட்டம் நின்றது. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"எந்தூருப் பையன்? வயசு சின்னதா இருக்கே."

"கொரியாவாம்."

"அங்கன பொழைக்கப் போயிச் செத்துட்டானாக்கும். பாவம்."

லிங்கேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான். எட்டடிக்கு ஆறடி. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் இளஞ்சிவப்பு முடியோடு தோயுன், இரண்டு விரலால் இதயம் காட்டிக் கண்ணடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீழே, 'திருமதி லி. மாரீஸ்வரி எம்.எஸ்சி., பி.எட்.' தோற்றம், மறைவு, தேதிகள். கடைசி வரி: 'மீளாத் துயரில் வாடும் கணவர் லிங்கேஸ்வரன் மற்றும் குடும்பத்தார்'.

பேக்கரிக்காரர் சுயம்புலிங்கம் வெளியே வந்தார். "தம்பி, பொறந்தநாளுன்னுதான சொன்னீக? வாசல்ல அஞ்சலியக் கட்டிப்புட்டா எவன் உள்ள வந்து பப்ஸு திம்பான்? காலையிலயிருந்து வந்தவுக எல்லாம் யாரு எறந்ததுன்னு எங்கிட்ட துட்டி கேட்டுட்டுப் போறாக."

ஏணியோடு நின்ற முத்துராஜாவுக்கு வேர்த்திருந்தது. "மாப்ள, போன வருசம் அடிச்ச அஞ்சலி ஃபைலு உன் பேர்ல கெடந்துச்சு. வருசம் திரும்பப் போகுதுல்ல, புதுப் படம் வச்சுக் கேக்குறன்னு நெனச்சேன்."

"படத்தப் பாக்கலையா?"

"பாத்தேன். மொகம் மழுமழுன்னு இருந்துச்சு. உதட்டுச் சாயம் வேற. தங்கச்சியோட காலேஜ் படத்த ஏதோ ஆப்புல போட்டு மாத்தியிருக்கன்னு நெனச்சேன். மாதிரி அனுப்புனேன்ல? நீதான வெரலப் போட்ட."

லிங்கேஸ்வரனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ குலுங்கியது. அது சிரிப்பா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

உள்ளே ஏழெட்டுப் பெண்கள். ஒருத்தி மேசையில் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தாள். அதுதான் ஜான்சி. மற்றவர்கள் போனில் செய்தியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள் மட்டும் தேடவில்லை. விரல் நகமெல்லாம் திராட்சைக் கறை. எழுந்து வாசலுக்கு வந்து, இடுப்பில் கைவைத்து ஃப்ளெக்ஸை வரிவரியாகப் படித்தாள். படித்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏத்தா ஜான்சி, அழுகாத. செத்தது தோயுன் இல்ல. கீழ பேரப் படி."

ஜான்சி வந்து படித்தாள். உதடு அசைந்தது. மறுபடியும் படித்தாள்.

"நான் லிங்கேஸ்வரன்" என்றான் அவன். "மாரீஸ்வரி போயி பதினோரு மாசம் ஆச்சு."

சுயம்புலிங்கம் மிக்சியை நிறுத்தினார்.

"நேத்து ராத்திரி, கேக்கு முட்ட போடாததா சொல்லியிருக்கேன்னு போட்டது?" என்றாள் ஜான்சி.

"நான்தான்."

"வயித்து வலின்னு சொன்னப்ப வெந்தயம் திங்கச் சொன்னது?"

"நெட்டுல பாத்துச் சொன்னேன்."

ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயை மூடிக்கொண்டாள். ஜான்சி சிரிக்கவில்லை.

"எனக்கு அரியர் விழுந்தத வீட்ல சொல்லல. மாரிக்காகிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"நான் யாருக்கும் சொல்லலம்மா."

"அது இல்லண்ணே விசயம்."

"ஆமா. அது இல்ல."

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நானுந்தான் யாருன்னு சொல்லல. கோல்டுன்னு பேரு வச்சுக்கிட்டு உங்களோட எல்லாம் வாடி போடின்னு பேசுனது நான்தான். பவுனு. காமயகவுண்டன்பட்டி. தோட்டத்துல பழம் வெட்டுறேன். எம்மக காலேஜ்ல படிக்கிறா."

"கோல்டு நீங்களா?" என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஏன், எனக்குப் புடிக்கக் கூடாதா? இந்தா, தோயுன் அனுப்புறதையே ஆபீசுல எவனோதான் டைப் அடிக்கிறான்ங்கிறாக. அதுக்கு நாம சந்தா கட்டல?"

"அது தெரிஞ்சு ஏமாறுறது. இது தெரியாம" என்றாள் ஜான்சி.

லிங்கேஸ்வரனுக்கு அந்த வாக்கியம் சரியாகப் பட்டது. நிகழ்தகவு தெரிஞ்சுதான் வாங்குறேன் என்ற பெண்ணின் பெயரை வைத்துக்கொண்டு, தெரியாதவர்களிடம் அவன் பொய்யை விற்றிருக்கிறான். தோயுனின் கம்பெனியாவது பொடி எழுத்தில் நிபந்தனைகளைப் போடுகிறது.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"அவள மாரிக்கான்னு கூப்புட்டுக்கிட்டு இருந்தீங்க. வேற யாரும் கூப்புடல. விட முடியல."

இதைச் சொன்னால் உடைந்துவிடுவோம் என்று பதினோரு மாதம் நினைத்திருந்தான். உடையவில்லை. பவுனு இழுத்துப்போட்ட நாற்காலியில் உட்கார்ந்தான். வெளியே முத்துராஜா ஃப்ளெக்ஸை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. இனி அடுத்த வார்த்தையை அவளைப்போல யோசிக்க வேண்டியதில்லை. அது இவ்வளவு பாரமாக இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது.

ஜான்சி போனை எடுத்தாள். "மாரிக்கா நம்பர குரூப்புலயிருந்து எடுத்திர்றேன்."

"எடுத்திரு."

"உங்கள மன்னிக்கிறதா வேண்டாமான்னு நான் இன்னும் யோசிக்கல."

"சரி."

"எல்லாத்துக்கும் சரிதானா?"

"இல்ல. இதுக்கு மட்டும்."

அவள் திரையைத் தொட்டாள். அவன் சட்டைப் பையில் இருந்த மாரீஸ்வரியின் போன் ஒருமுறை அதிர்ந்து நின்றது. இந்த ஒரு அதிர்வுக்காகத்தான் அத்தனை பயம். வந்தது, போய்விட்டது. வெகுநேரம் தம் பிடித்தவனுக்கு மூச்சு திரும்புவதுபோல இருந்தது.

கேக்கை வெட்டினார்கள். வாங்கியதை என்ன செய்வது என்றார் சுயம்புலிங்கம். ஜான்சி ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, "அக்கா எப்படி இருப்பாக?" என்று கேட்டாள். அவன் தன் போனில் படத்தைக் காட்டினான். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். "இருந்தாக, நல்லாத்தான் இருந்தாக" என்றாள் ஜான்சி. அந்த 'இருந்தாக'வுக்கு அவன் தலையாட்டினான். போடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் முதலில் கிளம்பினாள். அவனிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஆனால் காகிதப் பட்டை மாட்டிய டீக் கோப்பை ஒன்றை அவன் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

பவுனு, காமயகவுண்டன்பட்டி வரை அவன் பைக்கில் வருவதாகச் சொன்னாள். "டவுன் பஸ்ஸு எப்ப வரும்னு எவனுக்குத் தெரியும்."

இருபுறமும் பந்தல் தோட்டங்கள். மலைப்பக்கமிருந்து காற்று வந்தது.

"தம்பி, கேட்டாத் தப்பா எடுத்துக்கிராதீக. உங்களுக்கு அந்தப் பயலுகளப் புடிக்குமா? இல்ல, மாரிக்காகத்தான் எல்லாமா?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா விடுங்க. அவசரமில்ல. ராணுவத்துலயிருந்து அவன் வரவே ஒன்றர வருசம் ஆகும்."

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து அவள் பாட ஆரம்பித்தாள். ஹார்பரின் கடைசிப் பாட்டு. கொரிய மொழி அவள் வாயில் நாற்று நடும்போது பாடுவதுபோல நீண்டது. இரண்டாவது சரணத்தில் ஓர் அடியை விட்டுவிட்டு மேலே போனாள்.

லிங்கேஸ்வரன் பைக்கின் வேகத்தைக் குறைத்தான். "அக்கா, நடுவுல ஒரு அடி இருக்கு" என்றான்.

"எங்க, சொல்லுங்க."

அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பாடிக் காட்டினான்.