கதிரை போட ஒரு வீடு

அந்தச் சனிக்கிழமை பின்னேரம், உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கையில், ஸைனுலாப்தீன் ஹாஜியாரின் முன் மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: துறைமுகப் பண்டகசாலைப் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற இராசநாயகம், அவர் மனைவி பத்மாசனி, ஹாஜியார், அவர் மனைவி சித்தி பரீதா, வீட்டுத் தரகர் அலியார். பிறகு வந்து சேர்ந்தவள் ஹாஜியாரின் மகள் றிஷானா. இராசநாயகத்தின் கதிரையையும் சேர்த்தால் ஏழு பேர். அன்புவழிபுரம் முழுவதும் நடந்ததையெல்லாம் தான் கண்ணால் கண்டதாகச் சொல்லித் திரிகிற அயல்வீட்டு லோஜினி, அந்த நேரம் கந்தளாயில் ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டில் இரண்டாம் பந்தியில் இருந்தாள்.

கதிரையையும் ஓர் ஆளாகச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. சண்டையே அதனால்தான்.

அன்புவழிபுரத்தில் இராசநாயகம் தன் உழைப்பில் கட்டிய வீட்டை, இந்தப் பக்கத்து வழக்கப்படி, மகள் நிருஜாவின் கலியாணத்துக்குச் சீதனமாக அவள் பேரில் உறுதி எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவரும் மனைவியும் பின் அறைக்குப் போனார்கள். அதிலே ஒரு குறையும் இல்லை. கொடுத்தவர் பின்னுக்குப் போவதுதான் முறை. ஆனால் அவருடைய முதிரை மரக் கதிரை மட்டும் முன் விறாந்தையிலேயே கிடந்தது. தெருவால் போகிறவர்கள் அவரை அதில் கண்டு, தலையசைத்துவிட்டுப் போனார்கள். வீடு கைமாறிய செய்தி தெருவுக்குச் சரியாக எட்டவேயில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, நிருஜா ஆஸ்பத்திரி வேலைக்குப் போன பிறகு, மருமகன் ஜதுர்சன் வாங்கிய சோபா செற் வந்து இறங்கியது. யானைக்குட்டி படுத்ததுபோல் அது விறாந்தையை அடைத்தது. கதிரை குசினிக்குப் பின்னால், காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது.

"மாமா, இஞ்ச நல்ல காத்து வரும்" என்றான் ஜதுர்சன்.

இராசநாயகம் படலையடிக்கு நடந்தார். தெருவைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னார்: "மருமகன்ட வீட்டில நான் இனி இருக்க ஏலாது! நாளைக்கு வெயில் ஏறமுந்தி வாடகைக்கு இடம் எடுத்துப் பால் காய்ச்சாட்டி, நான் இராசநாயகமில்லை!"

நாலு வீட்டு யன்னல்கள் திறந்தன. இனித் திரும்ப வழியில்லை. அவர் குடும்பத்தில் சொன்ன சொல்லை விழுங்கியவர்கள் கிடையாது. அவருடைய தகப்பனார் ஒருமுறை பந்தியில் பாயசம் பிடிக்காது என்று சொல்லிவிட்டு, சாகும்வரை தொடவில்லை. ஆசை நிறைய இருந்தது.

அலியாரின் ஓட்டோவின் பின்னால் கதிரையைக் கட்டி, பத்மாசனியையும் ஏற்றிக்கொண்டு வீடு பார்க்கப் புறப்பட்டார். ஒவ்வோர் இடத்திலும் கதிரையை இறக்கி, முன்பக்கத்தில் போட்டு, இருந்து பார்த்தார். கோயிலடி வீட்டில் ஒலிபெருக்கி நேரே அவர் காதுக்குள் பாடியது. சாமி பாட்டைக் குறை சொல்லக் கூடாது என்பதால் வாசற்படியைக் குறை சொல்லி எழுந்தார். கடற்கரைப் பக்கத்து வீட்டின் மேல்மாடியில் வெள்ளைக்காரர் தங்கியிருந்தார்கள். அவர்களுடைய உள்ளாடைகள் அவர் தலைக்கு மேலே காற்றில் ஆடின.

"கொடியேத்தம் பார்க்க வந்த மாதிரி இருக்கு, ஐயா" என்றார் அலியார்.

ஐயா சிரிக்கவில்லை. மூன்றாவது வீட்டுக்காரர் எடுத்த எடுப்பில் சொந்த ஊர் கேட்டார். கிளிவெட்டி என்றதும், "ஆ, வயல்காரர்" என்றார். கிளிவெட்டியில் வயல் இருப்பது பெருமை. அதற்கு முன்னால் ஓர் 'ஆ' போடக்கூடாது. கதிரை மறுபடி ஓட்டோவில் ஏறியது.

இப்படித்தான் ஹாஜியாரின் ஒழுங்கைக்கு வந்தார்கள். பள்ளிவாசல் பாங்கும், கோயில் மணியும், மாதா கோயில் மணியும் அங்கே ஒன்றுக்கொன்று இடம்விட்டுக் கேட்டன. இடம் விடாதது பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டு மட்டும்தான். துறைமுகக் காற்று நேரே வாசலுக்குள் வந்தது. இராசநாயகம் கதிரையில் இருந்தார், எழும்பவில்லை. பத்மாசனி பெருமூச்சு விட்டாள்.

ஹாஜியார் எதிரே சாய்மனைக் கதிரையில், கால்மேல் கால் போட்டுச் சாய்ந்திருந்தார்.

"செவ்வாய், வெள்ளி எங்களுக்கு மரக்கறி. இறைச்சி மணம் இஞ்சால வரப்படாது" என்றார் இராசநாயகம்.

"எங்கட குசினிக் காத்துத் துறைமுகத்துப் பக்கம் போகும். விரதம் முறிஞ்சா கப்பல்காரனுக்குத்தான் முறியும்."

"விடியப்பறம் பாங்கு கேக்குமோ?"

"கேக்கும். எழும்பாட்டி நானும் வந்து கதவில தட்டுவன். அதுவும் வாடகைக்குள்ள அடங்கும்" என்றார் ஹாஜியார். "ஆனா வீட்டுக்குள்ள சாராயம் கூடாது."

"எங்கட குடும்பத்தில ஒருத்தரும் தொட்டதில்லை."

பத்மாசனிக்கு இருமல் வந்தது. சித்தி பரீதா அவளைத் தண்ணீர் குடிக்கக் குசினிக்குக் கூட்டிப்போனாள். போன இடத்தில் கதிரைக் கதை முழுவதையும் கேட்டறிந்தாள்.

பெரியவர்கள் இருவரும் கைகொடுக்க எழுந்த நேரம் வாசலில் ஸ்கூட்டி நின்றது. தலைக்கவசமும் கையுமாக றிஷானா உள்ளே வந்தாள்.

"வாப்பா, ஆர்ட கதிரை இது?"

"வாடகைக்கு வந்த ஐயாட, மகள். முன்பக்கத்தக் குடுக்கப் போறன்."

"ஆர்ட முன்பக்கத்த?"

சாய்மனைக் கதிரை கிரீச்சிட்டது. ஹாஜியார் அதில் மெதுவாக அமர்ந்து, இந்த முறை இரண்டு காலையும் நிலத்திலேயே வைத்துக்கொண்டார்.

வீடு றிஷானாவுடையது. அவள் கலியாணத்துக்கு அவர் எழுதிக் கொடுத்தது. இந்தப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களிலும் வழக்கம் அதுவேதான். ஹாஜியாரும் மனைவியும் இருப்பது பின்பக்கத்தில். இராசநாயகம் வழக்கம் அறியாதவர் அல்ல. ஆனால் ஓர் ஆம்பிளை முன் மண்டபத்தில் சாய்ந்திருந்தால் வீடு அவருடையது என்றுதானே எவரும் நினைப்பார்கள்? இராசநாயகத்தைப் பார்த்தும் அவருடைய தெரு அப்படித்தான் நினைத்தது.

"ஏன் வாப்பா இந்த வேலை?"

"உன்ட மாப்பிள்ளை கட்டாரிலேர்ந்து சோபா அனுப்புறாராமே" என்றார் ஹாஜியார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "அதுக்கு முந்தி இடத்த நிரப்பிட்டா..."

இராசநாயகத்துக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லாததால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

சித்தி பரீதா தான் கேட்ட கதையை மகளுக்குச் சொன்னாள். றிஷானா இராசநாயகத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, கதிரைய அரக்கினது மருமகன். வீடு ஆர்ட?"

"மகள்ட."

"மகளிட்டச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. மருமகனுக்குச் சொன்னார், தெருவுக்குச் சொன்னார், அலியாருக்கும் வழியில் பெற்றோல் அடித்தவனுக்கும் சொன்னார். உறுதிக்காரிக்கு மட்டும் சொல்லவில்லை. வீட்டு விஷயம் ஆம்பிளைகளோடு கதைப்பது என்று இருந்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் ஜதுர்சனும் அங்கே ஒண்ட வந்தவன்தான். ஒண்ட வந்தவன் இன்னொருத்தன் கதிரையை அரக்குவதா?

"இஞ்சாருங்கோ, வீட்ட போவம்" என்றாள் பத்மாசனி.

"போக ஏலாது. தெருக் கேக்கச் சொன்னனான்." அவர் மறுபடி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன சொன்னனான்? மருமகன்ட வீட்டில இருக்கமாட்டன். வாடகைக்கு இடம் எடுத்துப் பால் காய்ச்சுவன். அவ்வளவுதானே? அலியார், உறுதிக்காரி தன்ட வீட்டை ஆருக்கும் வாடகைக்குக் குடுக்கலாம்தானே?"

"தாராளமா, ஐயா."

இராசநாயகம் போனை எடுத்தார்.

"பிள்ளை, அன்புவழிபுரத்தில உன்ட வீட்டு முன் விறாந்தை வாடகைக்கு இருக்குதோ?"

நிருஜா மறுகேள்வி கேட்டாள். "அப்பா, அம்மா பக்கத்தில நிக்கிறாவா?"

"நிக்கிறா. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஆருக்கப்பா?"

"மரியாதையான குடும்பம். துறைமுகத்தில பொறுப்பா இருந்த ஆள்."

"அங்க என்ன கிடக்கு? காலமை கதிரைதானே கிடந்தது."

"இப்ப சோபா கிடக்கு. வாடகைக்குக் குடுக்கிற இடத்தை வெறுமையாத்தான் குடுக்கவேணும்."

விஷயம் அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. சிரிக்கிற சத்தம் மண்டபம் முழுவதும் கேட்டது. "சரி, வாங்கோ. ஆனா வீட்டுக்காரி வேலையால வந்தா, குடியிருக்கிற ஆள் தேத்தண்ணி போட்டுத் தரவேணும்."

"அதை என்ட மனுசியோட கதை."

"நானேன்? குடியிருக்கிறது நீங்கள்தானே" என்றாள் பத்மாசனி.

பால் காய்ச்சாமல் அந்த வீட்டில் இருக்க ஏலாது என்பதால், அன்று இரவு ஹாஜியாரின் பின்பக்கத்தில் தங்கினார்கள். விடியப்பறம் பாங்கு கேட்டது. வாடகை இல்லாமலே ஹாஜியார் வந்து கதவில் தட்டினார். வெயில் ஏறமுந்தி, தெருப் பார்க்க, அன்புவழிபுரத்து முன் விறாந்தையில் பால் பொங்கியது. அலியார் இரண்டு பக்கத்திலும் தரகு வாங்கிக்கொண்டார். சோபா செற் காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அங்கே காற்று எப்படி என்று ஜதுர்சனிடம் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. ஹாஜியாரும் மகளிடம் முன் மண்டபம் கேட்டு அலியாரைத் தூது அனுப்பியிருக்கிறார்.

வாடகைக்கு ஓரிடமும் கிடைக்காமல் இராசநாயகம் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார் என்று லோஜினி சொல்வது பொய். அவர் திரும்பி வரவில்லை. அந்த விறாந்தைக்குப் புதிதாகக் குடிவந்தவர்.