வசீலாவுக்காக முட்டையிட வேண்டிய தவளை

அந்தக் காலத்துக் கேப் டவுனில், ஒரு பெண் உண்டாகியிருக்கிறாளா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தவளையிடம் இருந்தது. காலையில் கழிக்கும் முதல் சிறுநீரைப் புட்டியில் கொடுத்தால், டாக்டரம்மா ரூபின் அதைப் பெண் தவளைக்கு ஊசியில் ஏற்றுவார். மறுநாளுக்குள் அது முட்டையிட்டால் பிள்ளை நிச்சயம்.

வசீலாவின் தவளை முட்டையிட்டே ஆகவேண்டும். கணவன் தோயர் சனிக்கிழமை மீன்படகில், வடக்கே தொலைவிலுள்ள வால்விஸ் பே துறைமுகத்துக்குப் புறப்படுகிறான். போனால் குளிர்காலம் முழுக்க வரமாட்டான்.

"புள்ளன்னு உறுதியாத் தெரிஞ்சா, இங்கேயே துறைமுகத்துல வேலை பாத்துக்கிறேன். சும்மா குமட்டுதுன்னு சொன்னா கேப்டன் சிரிப்பாரு" என்று சொல்லிவிட்டான்.

புதன்கிழமை விடிந்ததும் வசீலா புட்டியில் பாதி நிரப்பி வைத்தாள். தோயரின் அக்கா கலீமா அதைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தாள். நோன்பு திறக்கையில் பக்கத்து வீட்டுக்கு அனுப்பும் தட்டானாலும், மௌலூது ஓதி முடிந்து கொடுத்தனுப்பும் பலகாரமானாலும், அந்தத் தெருவில் விளிம்புவரை நிறைந்திருந்தால்தான் மரியாதை.

"பாதிப் புட்டியா? அதுவும் டாக்டருக்கா? நம்மளக் கஞ்சப் பரம்பரைன்னு நெனைக்க மாட்டாங்க?"

"மதினி, இது பலகாரம் இல்ல."

"எதுவா இருந்தா என்ன, நம்ம வீட்டுலேர்ந்து போகுதுல்ல? இந்தா, தேத்தண்ணி குடி."

வசீலா குடித்தாள். அன்று காலை அவள் குடித்த ரூய்போஸ் தேநீரில் தோயரின் படகையே மிதக்கவிட்டிருக்கலாம். கேப்டன் வலைகூட வீசியிருப்பார். புட்டி கழுத்துவரை நிறைந்தது. கலீமா அதற்குப் பூத்தையல் துணியால் மூடி போட்டு, பெருமையோடு கொடுத்தனுப்பினாள்.

வியாழக்கிழமை போய்ப் பார்த்தால், தவளை வரி கட்டாத மகாராணி மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது. ஒரு முட்டை இல்லை. வசீலாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. டாக்டரம்மா புட்டியில் மிச்சமிருந்ததைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன, மலை ஓடைத் தண்ணியா?"

விஷயத்தைக் கேட்டதும் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"அடி பொண்ணே! கரு தங்கினதும் ஒரு ஹார்மோன் ரத்தத்துல கலக்கும். சிறுநீரகம் ரத்தத்த வடிகட்டுறப்ப, அதுல கொஞ்சம் சிறுநீரோட வெளிய வரும். ராத்திரி தண்ணி குடிக்காம தூங்கினா கெட்டியா சேந்திருக்கும். நீ கெண்டி கெண்டியா குடிச்சா, சிறுநீரகம் பாவம், அத்தனை தண்ணியயும் தள்ளணுமே! தவளைக்கு என்ன தெரியும்? கொஞ்சமா கொண்டா, கெட்டியா கொண்டா."

வீட்டில் தோயர் ரப்பர் பூட்ஸை மூட்டையில் திணித்துக்கொண்டிருந்தான். அன்று மாலையிலிருந்து வசீலா தண்ணீர்ப் பானை இருந்த பக்கமே திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை காலை, அடியில் மட்டும் பழுப்பாகத் தேங்கிய புட்டியைக் கலீமா பழைய செய்தித்தாளில் சுற்றி, அண்டைவீட்டார் கண்ணில் படாமல் பின்சந்து வழியாகத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சனிக்கிழமை டாக்டரம்மா தவளையை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, அது இருந்த கண்ணாடி ஜாடியை அப்படியே வசீலா கையில் கொடுத்தார். வசீலா ஓடிய ஓட்டத்தில் குதிரைவண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. துறையில் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தோயர்! இட்டுடுச்சு!"

கடல்நாய்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன. தோயர் படகிலிருந்து எட்டி, ஜாடிக்குள் மிளகு கொட்டியது போலக் கிடந்த நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"யா அல்லா, இத்தனையுமா நமக்கு?"

"முதல்ல ஒண்ணு வருது. நீ எறங்கு!"

கேப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவனுடைய மூட்டையைத் தானே தூக்கிக் கரையில் எறிந்தார்.