கடைக்குப் போன டீ

"புதுசா ஒரு அடைப்பு வந்திருக்கு" என்றார் குன்னூர் டாக்டர்.

என் அத்தா ரஹீமுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோதே, அடைப்பு மேலும் வளராமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். ஒன்று கொழுப்புக்கு, ஒன்று ரத்தம் உறையாமல் இருக்க. அத்தா கேட்டால்தானே! நெஞ்சு வலி நின்றதும், "நல்லா இருக்கறவனுக்கு எதுக்கு மருந்து?" என்று நிறுத்திவிட்டார். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஊட்டி மார்க்கெட்டில் ஆளில்லை.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?"

அத்தா வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார். "தினமும் உள்ள போகுதுங்க டாக்டர். இவரு முழுங்க மாட்டேங்கறாருன்னு, கடைக்குக் கொடுத்துவிடற டீயில நானே பொடிச்சுக் கலக்கிடறேனுங்க."

அத்தா சட்டென்று அம்மாவின் பக்கம் திரும்பினார். "அந்த டீயிலயா ரசியா? அதை நான் குடிக்கறதே இல்லையே!"

அத்தா விற்பது தேயிலைத் தூள். ஒரு மிடறிலேயே டீ சரியில்லை என்று தெரிந்திருக்கிறது. அம்மாவிடம் சொல்ல மனசு வராமல், பக்கத்து ஸ்வெட்டர் கடை முத்துவேல் அண்ணனிடம் தள்ளிவிட்டிருக்கிறார். வீட்டிலிருந்து டீ வந்தால் பக்கத்துக் கடைக்கு ஒரு கிளாஸ் போவது மார்க்கெட் வழக்கம்தான். இவர் பிளாஸ்க்கையே கொடுத்துவிட்டார். சர்க்கரை தூக்கலாக இருந்தால் அண்ணன் எதையும் குடிப்பார்.

அத்தா இதைச் சொன்னதும் டாக்டர் எழுந்தேவிட்டார். "அதைக் குடிச்சவரு இப்ப எங்கே?"

"குடலிறக்க ஆபரேஷனுக்கு இன்னிக்குத்தானுங்க ஊட்டியில..." என்று அத்தா முடிப்பதற்குள் டாக்டர் குறுக்கிட்டார்.

"மருந்து எதுவும் சாப்பிடறதில்லைன்னுதானே அங்கே சொல்லியிருப்பாரு? கத்தி வெச்சா ரத்தம் லேசுல நிக்காதுங்க! போன் போடுங்க!"

நான்தான் போட்டேன். அண்ணனின் மனைவி சுகந்தி அக்கா எடுத்தார். "இப்பத்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க நிதா."

டாக்டர் போனைப் பிடுங்கி விஷயத்தைக் கத்தினார். அக்கா ஓடுவதும் கதவைத் தட்டுவதும் கேட்டன. "நிறுத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு அக்கா அழுதார்.

அம்மா அத்தாவின் பக்கம் திரும்பினார். "டீ நல்லா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாங்க?"

"உன் மனசு நோகுமேன்னுதான்..."

அத்தாவிடம் அம்மா குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "நோகட்டுமே! நொந்தா நான் செத்தா போயிருவேன்?"